நாற்பத்தேழாவது சுற்றுப் பையன்

எங்கள் ஆய்வுக்கூடத்தின் கடிதத் தாள் நல்ல தடிப்பு. மேல் மூலையில் மருத்துவமனையின் பெயர் நீல நிறத்தில், விரலால் தடவினால் தட்டுப்படும்படி அச்சடித்திருக்கும். அதை எடுத்தது நான்தான், சிவகௌரி அக்கா. இதில் மறுக்க ஒன்றும் இல்லை.

விசாரணைக்கு முன் நடந்ததைத் தமிழில் எழுதித் தரச் சொன்னீர்கள். "ஒண்டும் விடாமல் எழுதும் வதனா. நான் இங்கிலிசிலை போட்டு யூனியனுக்குக் குடுக்கிறன். அந்தத் தாய் நன்றி சொல்லித்தானே எழுதியிருக்கு. பேப்பர் எடுத்ததுக்கு ஒருத்தரும் தூக்கிலை போடமாட்டினம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். நான் பேசினால் தடுமாறுவேன். எழுதினால் ஒழுங்காக வரும்.

சளி, சீழ், மலம் என்று மற்றவர்களின் உடம்பிலிருந்து வந்தவற்றோடுதான் எனக்கு நாள் முழுவதும் வேலை. அவற்றில் எனக்கு அருவருப்பு வந்ததே இல்லை. எனக்கு அருவருப்பு வந்தது இலண்டன் டூட்டிங்கில், குகதாசன் அண்ணையின் கடைக்கு மேலே உள்ள முன்னறையில். பின்னறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன்.

அண்ணையின் தம்பி டொராண்டோவில். அங்குள்ள பேஸ்பால் அணி தொண்ணூற்றிரண்டில் உலகக் கிண்ணம் மாதிரி ஒன்றை வென்றபோது தம்பி வீடியோ கசட் அனுப்பினார். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த இவர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஞாயிறு மத்தியானத்தில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். கொஞ்ச நாளில் ஆட்டத்தைவிட அவர்களுக்குப் பிடித்துப்போனது பட்டியல்.

பட்டியல் என்றால் இதுதான். ஒவ்வொரு ஜூன் மாதமும் பேஸ்பால் அணிகள் பள்ளிக்கூடங்களிலும் கல்லூரிகளிலும் விளையாடும் பையன்களை முறைபோட்டுத் தெரிவு செய்யும். முதற் சுற்றுப் பையன்களைப் பற்றிப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக வரும். நாற்பது, ஐம்பதாவது சுற்றில் வருபவர்களுக்குப் பெயர், உயரம், நிறை, ஊர் மட்டுந்தான். தம்பி அதைப் பிரதியெடுத்து அனுப்புவார். கடைசிச் சுற்றுகளிலிருந்து ஆளுக்கு ஒரு பையனைத் தத்தெடுப்பது முன்னறையின் வழக்கம். பிறகு அவனை வருடம் முழுக்கப் பின்தொடர வேண்டும். "உம்மட பிள்ளை எப்பிடி?" என்றுதான் விசாரித்துக்கொள்வார்கள்.

அந்த முதலாவது ஞாயிறு, தொண்ணூற்றுமூன்று ஜூன், கணக்கு நன்றாக வரும் என்று என்னையும் கூப்பிட்டார்கள். கிறிஸ்துராஜா அண்ணை ஆட்டிறைச்சி ரோல்ஸ் தின்றுகொண்டு அந்தக் கையாலேயே பட்டியலைப் பிடித்திருந்தார். எண்ணெய் பட்ட இடத்தில் தாளின் ஊடே விரல் தெரிந்தது.

"ஆறடி மூண்டு, இருநூறு இறாத்தல். மாப்பிள்ளைக்குத் தோள் நல்ல அகலமா இருக்கும்" என்றார்.

"பல்லைப் பற்றி ஒண்டும் போடேல்லையே?" என்று குகதாசன் அண்ணை கேட்டார்.

"மாட்டுக்கெல்லோ பல்லுப் பாக்கிறது."

"இதென்ன, மாடு இல்லையோ? சுழி சுத்தமா எண்டும் கேள்."

எல்லோரும் சிரித்தார்கள். வாய்க்குள் அரைபட்ட இறைச்சி தெரிந்தது. பதினெட்டு வயதுப் பையன்களின் உடம்பை இப்படி அளப்பது எனக்குக் குமட்டியது. எழுந்து போக நினைத்தேன். அப்போது கிறிஸ்துராஜா அண்ணை என் பக்கம் திரும்பினார். "பிள்ளையும் ஒண்டை எடும். உம்மையும் கொம்மா எத்தினை வீட்டுக் கலியாணப் பட்டியலிலை போட்டவ? நாற்பத்தேழாஞ் சுற்று வரைக்கும் ஒருத்தரும் எடுக்கேல்லைப் போல."

"விடப்பா, அது பாவம்" என்றார் குகதாசன் அண்ணை, சிரித்துக்கொண்டே.

நானும் சிரித்தேன். பட்டியலை வாங்கி நாற்பத்தேழாவது சுற்றில் விரலை வைத்தேன். கைல் ப்ரூனர். பந்தெறிபவன். ஆறடி ஒன்று, நூற்றெழுபது இறாத்தல். ஓக்லஹோமாவில் ஒரு சிற்றூர். பின்னறைக்குப் போய் இரண்டு தரம் கை கழுவினேன்.

ஒரு விதியைச் சொல்ல வேண்டும். கடைசிச் சுற்றுப் பையன் இரண்டு வருடக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தால், அணி அவனை ஒரு வருடம் பார்த்துக்கொண்டிருக்கலாம். அடுத்த மே முடிவதற்குள் அவனோடு ஒப்பந்தம் போட வேண்டும். போடாவிட்டால் அவன் அவர்களுக்கு இல்லை. கைல் அப்படி ஒரு கல்லூரிக்குப் போனான். அவன் பந்து மணிக்கு எண்பத்தைந்து மைல் வேகத்தில் போனது. மே மாதத்துக்குள் தொண்ணூறு காட்டினால் கையெழுத்து என்று அணியின் ஆள் சொல்லியிருந்தார்.

இதெல்லாம் அவனே எனக்கு எழுதியது. செப்டம்பரில் நான் சாதாரணத் தாளில் எழுதிய முதற் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அடுத்ததை ஆய்வுக்கூடத் தாளில் எழுதினேன். இரண்டு கிழமையில் பதில் வந்தது, 'அன்புள்ள டொக்டர்' என்று. நான் டொக்டர் என்று ஒருநாளும் எழுதியதில்லை. அவன் எழுதினான். நான் திருத்தவில்லை. அவ்வளவுதான்.

நல்ல பையன். கையெழுத்து குழந்தைகளுடையது போல உருண்டையாக இருக்கும். நாயின் படம் அனுப்பினான். இலண்டனில் எப்போதும் மழையா என்று கேட்டான். முன்னறையில் யாரும் தங்கள் பையனுக்கு ஒரு வரி எழுதியதில்லை. அவர்களுக்கு இலக்கங்கள் போதும். எனக்கு அவன் ஒரு மனிதன். இந்த வித்தியாசத்தை இங்கிலிசில் போடும்போது தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

பெப்ரவரியில், பந்தெறிந்த பிறகு முழங்கையின் உட்பக்கம் நோகிறது, சின்ன விரலும் மோதிர விரலும் விறைக்கின்றன என்று எழுதினான். பயிற்சியாளரிடம் சொல்லவா என்று கேட்டான்.

நான் உடலியல் படித்தவள். எதற்கும் என்று அன்று மாலை நூலகத்தில் புத்தகத்தையும் பார்த்தேன். முழங்கையின் உட்புற இணைப்பு நார் இழுபட்டு நைந்துகொண்டிருக்கிறது. பக்கத்து நரம்பும் சேர்ந்து நசிகிறது. எறிவதை உடனே நிறுத்த வேண்டும். நிறுத்தினால் ஆறு மாதத்தில் குணமாகலாம். நிறுத்தாவிட்டால் அறும். புத்தகத்தில் இதில் குழப்பம் எதுவும் இல்லை.

ஆறு மாதம் என்றால் ஓகஸ்ட். ஒப்பந்தத்துக்குக் கெடு மே.

அந்த ஞாயிறு முன்னறையில் என் பையன் மட்டும்தான் மிஞ்சியிருந்தான். ஒருவன் படிப்பை விட்டுவிட்டான். ஒருவன் கூடைப்பந்துக்குப் போய்விட்டான். மற்றவர்கள் தங்கள் ஊர்களில் வேலைக்குப் போய்விட்டார்கள். கிறிஸ்துராஜா அண்ணை எனக்குத் தன் கதிரையைத் தந்தார். "வதனா, உம்மட பிள்ளைதான் எங்கட மானத்தைக் காப்பாத்தப் போகுது" என்றார். அவர் எனக்காக எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை.

நான் கைலுக்கு எழுதினேன். விறைப்பு வருவது நரம்பு புதிய வேகத்துக்குப் பழகுவதால். அது நல்ல அறிகுறி. பயிற்சியாளரிடம் சொன்னால் உட்கார வைப்பார், அணியின் ஆள் வந்து பார்க்கும்போது நீ விளையாடாமல் வாங்கில் இருப்பாய். ஐஸ் வை. நோவு மாத்திரையை இரட்டிப்பாக எடு. எறிந்த ஒவ்வொரு நாளும் நோவுக்குப் பத்தில் எத்தனை என்று குறித்து, வேகத்தையும் பக்கத்தில் எழுதி அனுப்பு.

ஒரு நாள் தவறாமல் குறித்தான். மூன்று, எண்பத்தாறு. ஐந்து, எண்பத்தேழு. ஏழு, எண்பத்தெட்டு. நான் வரைபுத் தாளில் இரண்டு கோடுகள் போட்டேன். இரண்டும் சேர்ந்து ஏறின. என் படிப்புக் காலத்தில்கூட இவ்வளவு சுத்தமான தரவு எனக்குக் கிடைத்ததில்லை. முன்னறையில் வேகக் கோட்டை மட்டும் படியெடுத்துக் காட்டினேன். சுவரில் ஒட்டினார்கள். ஏப்ரலில் அவன் இடது கையால் எழுதத் தொடங்கினான். கோணல் எழுத்து. வாசிக்கக் கொஞ்சம் சிரமமாக இருந்தது.

மே இருபத்திரண்டு, அணியின் ஆள் வேகமானியோடு வந்திருந்தார். ஆட்டத்தின் நான்காவது பகுதியில் ஒரு பந்து தொண்ணூறு காட்டியது. அதே பந்தில் முழங்கை போய்விட்டது. பார்வையாளர் வாங்கில் இருந்த தாய்க்குச் சத்தம் கேட்டதாம், ஈரத் துணியை உதறியது போல. கையெழுத்துப் போட யாரும் வரவில்லை. இப்போது அவனால் சட்டைப் பொத்தான் பூட்ட ஏலாது. இரண்டு விரல்கள் உள்ளே மடிந்தே இருக்கின்றன. வெட்டிச் சரிசெய்ய அவர்களுக்கு வசதி இல்லை.

தொண்ணூறு வந்தது என்று நான் முன்னறையில் சொன்னேன். பிறகு மற்றதையும் சொன்னேன்.

குகதாசன் அண்ணை எழுந்து தொலைக்காட்சியை நிறுத்தினார். "தாய்க்குத் தெரியுமோ?" என்று மட்டும் கேட்டார். கிறிஸ்துராஜா அண்ணை கையில் இருந்த ரோல்ஸைத் தட்டில் வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். மறுநாள் வேலைக்குப் போகமுன் தேவாலயத்தில் அந்தப் பையனுக்காக மெழுகுதிரி ஏற்றினாராம். அவனை ஒரு மாடு என்று அளந்த அதே ஆள். அந்தக் கண்ணீர் எனக்கு அருவருப்பாக இருந்தது. ஒரு கடிதம்கூட எழுதாதவர்களுக்கு அழ என்ன உரிமை?

தாய் மருத்துவமனைக்கு அனுப்பிய கடிதத்தின் பிரதியை நீங்களும் பார்த்தீர்கள். டொக்டர் வதனாவின் ஏழு கடிதங்களும் எங்களுக்கு எவ்வளவு ஆறுதல் என்று எழுதியிருக்கிறார். அந்த ஏழில் என்ன இருக்கிறது என்று உங்களில் ஒருவரும் கேட்கவில்லை. பெப்ரவரியிலேயே நிறுத்தியிருக்க வேண்டும் என்று அங்குள்ள வைத்தியர்கள் சொல்கிறார்களாம். மகன் நம்பவில்லையாம். டொக்டர் வதனா சொன்னால்தான் நம்புவேன் என்கிறானாம். அப்படி ஒரு டொக்டர் இங்கே இருக்கிறாரா என்று மருத்துவமனை தேடப் போய்த்தான் தாளின் விஷயம் வந்தது.

நார் அறும் என்று எனக்குத் தெரியும், அக்கா. எந்த மாதத்தில் என்பதைக்கூட என் வரைபு கிட்டத்தட்டச் சொன்னது. மே முடியும் மட்டும் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். ஒன்பது நாள் பிசகிவிட்டது. அதற்காக எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

விசாரணைத் தாளில் ஏழு என்று போட்டிருக்கிறார்கள். அது தாயின் எண்ணிக்கை. ஆய்வுக்கூடத் தாள்கட்டில் குறைவது பதினொரு தாள். ஒன்றும் விடாமல் எழுதச் சொன்னீர்கள், அதனால் சொல்கிறேன். முன்னறையில் இப்போது யாரும் கூடுவதில்லை. இந்த ஜூன் பட்டியல் வந்தபோது குகதாசன் அண்ணை அதைப் பிரிக்காமலே குப்பையில் போட்டார். நான் எடுத்துத் துடைத்து வைத்தேன். மற்ற நான்கு தாள்களும் ஐம்பத்திரண்டாவது சுற்றில் வந்த ஒரு பையனுக்குப் போயின. அவனுக்கும் என்னைத் தவிர யாரும் இல்லை. இந்த முறை நான் மிகவும் கவனமாக இருக்கிறேன். முழங்கையில் சின்ன நோவு என்றாலும் உடனே நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.

இவனுக்கு நோவது தோளில்தான்.