குப்பியின் மேல் எழுதியிருந்தது

என் பெயர் ராலிட்சா ஸ்டாமெனோவா, தகப்பனார் பெயர் ஸ்டாமென், வயது 41. வார்னா நகரில் துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாக வசித்து வருகிறேன். பதினாறு வருடமாகக் கண் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் வேலை. அழற்சி கண்ட விழித்திரை செல்களில் எந்தப் புரதம் கூடுகிறது, எது குறைகிறது என்று பார்ப்பது எங்கள் பணி.

என்னுடன் வேலை பார்த்த ஆசென் பெட்கானோவ், வயது 33, அதே விழித்திரை அழற்சியால் இடது கண்ணை இழந்து, சென்ற குளிர்காலத்தில் வலது கண்ணும் மங்கியவர். அழற்சியில் செல்லைக் காக்கும் ஒரு புரதம் பாதியாகக் குறைவதை அவர் கண்டுபிடித்திருந்தார். கோடைக்குப் பிறகு எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் வேலை என்று பேராசிரியர் வெல்கோவ் சொல்லியிருந்தார்.

மார்ச் 4ஆம் தேதி காலை, அச்சோதனையைத் திரும்பச் செய்யும்படி உத்தரவானது. ஆசென் என்னிடம் குப்பிகளை நீட்டி, "ராலிட்சாக்கா, நீங்களே படிச்சுச் சொல்லிடுங்க. பொடி எழுத்த என் கண்ணு தின்னுடுது" என்றார். நான் நோய்ச் செல் இருந்த குப்பியை நல்லது என்றும், நல்ல செல் இருந்த குப்பியை நோய் என்றும் வாசித்தேன். அதன் பின்பு அவர் சந்தேகப்பட்டு இன்னும் இரண்டு முறை செய்தார். இரண்டு முறையும் அவ்வாறே வாசித்தேன்.

மார்ச் 18ஆம் தேதி கூட்டத்தில், முடிவு தலைகீழாக வந்ததைப் பார்த்த பேராசிரியர் சுவர் நாட்காட்டியைக் காட்டி, "இன்னிக்கு என்ன தேதி, படிங்க பாப்போம்" என்றார். ஆசென் மூக்கு உரசும்படி நின்று தப்பாகப் படித்தார். "குருடர்தான் நமக்குக் கண்ணப் பத்திப் பாடம் எடுக்கறாரு" என்றார் பேராசிரியர். சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதன் பின்பு ஆசென் என்னிடம் வந்து, "முதல்ல வந்ததே தப்பா இருக்கும் அக்கா. ஆசையில பாத்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு, கோட்டின் பொத்தான்களை மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். வழக்கமாக அவர் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்க வைப்பது நான்தான். அன்று போகவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு டிராலிபஸ் மோதி இறந்துபோனார்.

அடக்கத்தன்று அவர் மனைவி நெவேனா என் கையைப் பிடித்து, "கடைசிவரைக்கும் அவருக்குக் கண்ணா இருந்தது நீங்கதான் அக்கா" என்று அழுதார். அதன் பின்பு அவர், கூட்டத்தில் அவமானப்படுத்தியதால்தான் இப்படி ஆனது என்று பேராசிரியர்மேல் போலீஸில் புகார் கொடுத்து, என்னைச் சாட்சியாகப் போட்டார். இன்று தன் காரில் என்னை இந்தக் காவல் நிலையத்துக்குக் கூட்டிவந்ததும் அவரே. வெளியே பெஞ்சில் காத்திருக்கிறார். "தெரிஞ்சத ஒண்ணு விடாம சொல்லிடுங்க அக்கா" என்று சொல்லி அனுப்பினார். சொல்லிவிட்டேன்.

இதை நானே படித்துப் பார்த்தேன். நான் சொன்னதும் நடந்ததும் இதுவே.

(ஒப்பம்) ரா. ஸ்டாமெனோவா