திரையில் சரியாகத்தான் இருந்தது

பிடிஎஃப் கோப்பில் படத்தின் குறுக்கே மயிரிழை போல வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் யாரும் பயப்பட வேண்டியதில்லை. கணினியில் வரைந்த வெக்டர் படத்தில் நிழலோ மங்கலோ வைத்திருந்தால், பிடிஎஃப் ஆக்கும்போது கணினி அதைத் துண்டுகளாக வெட்டி ஒட்டிவிடும். ஒட்டிய இடம் திரையில் கோடாகத் தெரியும். எவ்வளவு பெரிதாக்கினாலும் அதே மெலிசில்தான் இருக்கும், அச்சில் வராது. போனில் பதறும் வாடிக்கையாளர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்திருக்கிறது.

நான் செய்ததும் அதே மாதிரிதான் சார். திரையில் தெரியும், அச்சில் வராது. கோடுகளுக்குப் பதிலாக எழுத்துகள், அவ்வளவுதான் வித்தியாசம்.

என் தம்பியை ஏழு கழுதை வயசாகியும் நான் வாண்டு என்றுதான் கூப்பிடுவேன். அம்மா அப்பா போனபோது அவனுக்குத் தனியாகச் செருப்பு வார் மாட்டத் தெரியாது. அவனை வளர்த்தது நான்தான். வீட்டின் முன்னறையில் எங்கள் இரண்டு மேசைகளும் எதிரும் புதிருமாக இருக்கும். லேபிள், அட்டைப்பெட்டி எல்லாம் அவன் வரைவான். நான் சரிபார்த்து, பிடிஎஃப் எடுத்து, அச்சகத்துக்கு அனுப்புவேன். நிமிர்ந்தால் அவன் முகம் தெரியும். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிடும்போது சொன்னான். "அக்கா, வேலை கிடைச்சிருச்சு. பெரிய கம்பெனி. வேற ஊரு. நம்ம அச்சக முதலாளிதான் சொல்லி வச்சாரு."

"சந்தோஷம்டா வாண்டு. அப்போ நானு?"

"நீயும் கொஞ்ச நாள் கழிச்சு வந்துரு."

கொஞ்ச நாள் கழித்து. சிரித்துக்கொண்டே அவனுக்கு இன்னொரு கரண்டி போட்டேன்.

அப்போது கையில் இருந்த வேலை, கழிவறை அடைப்பு நீக்கும் அமிலத்துக்கான லேபிள். அடியில் சிவப்புப் பட்டை. அதன் மேல் வெள்ளை எழுத்தில், இது அமிலம், வேறு எந்தத் திரவத்தோடும் கலக்காதீர்கள், மூடிய அறையில் பயன்படுத்தாதீர்கள் என்று இருக்கும். அவன் பளிச்சென்று செய்து கொடுத்துவிட்டான்.

ஓவர்பிரிண்ட் என்று ஒரு வசதி உண்டு சார். ஒரு நிறத்தின் மேல் இன்னொன்றை அப்படியே ஏற்றி அச்சடிக்கச் சொல்வது. கறுப்புக்கு அதை வைக்கலாம். வெள்ளைக்கு வைத்தால் போச்சு. அச்சில் வெள்ளை மை கிடையாது, காலியாக விட்ட இடம்தான் வெள்ளை. அந்த இடத்தையும் சிவப்பு மூடிவிடும். சாதாரணத் திரையில் எழுத்து ஜம்மென்று தெரியும். அவன் கோப்பைப் பிரதி எடுத்து, அந்த எழுத்துகளுக்கு மட்டும் நான் ஓவர்பிரிண்டைத் தட்டினேன். பிடிஎஃப் எடுத்தேன்.

அமிலக் கம்பெனி மேலாளர் திரையில் பார்த்துவிட்டு, "என்னம்மா, படத்துல கோடு கோடா இருக்கு?" என்றார்.

"அது திரையில மட்டும்தான் சார். எழுத்தெல்லாம் சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க."

"எழுத்து சரியா இருக்கு" என்று ஒப்புதல் கொடுத்துவிட்டார்.

என் எண்ணம் சின்னதுதான். லேபிள் வந்ததும் யாராவது பார்த்துக் கத்துவார்கள். வரைந்தவன் யார் என்று கேட்பார்கள். அச்சக முதலாளி சிபாரிசை வாபஸ் வாங்குவார். அவன் இரண்டு நாள் அழுவான், நான் தேற்றுவேன். திரும்பவும் எதிரும் புதிருமாக உட்காருவோம். ஆனால் லேபிள் சுருள்கள் நேராக ஒட்டும் இயந்திரத்துக்குப் போய்விட்டன. வெறும் சிவப்புப் பட்டையைப் பார்த்த யாருக்கும் அது குறையாகத் தோன்றவில்லை போல.

கடையில் நானே அந்த டப்பாவைப் பார்த்தேன். பட்டையில் ஓர் எழுத்துகூட இல்லை. இன்னும் யாரும் கவனிக்கவில்லையே என்று எரிச்சல் வந்தது. வீட்டில் அவன் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். லேபிள் நன்றாகத் தெரியும்படி டப்பாவைத் திருப்பி வைத்துவிட்டு, அவனுக்குச் சோப்பு வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த வாரத்தில்தான் ஓர் அலுவலகக் கழிவறையில் துப்புரவு செய்யும் அம்மா அதை வெளுப்புத் திரவத்தோடு சேர்த்து ஊற்றியது. கதவு சாத்தியிருந்தது, கிளம்பிய விஷப்புகையில் அங்கேயே இறந்துவிட்டார். எதையும் கண்ணாடி போட்டுப் படித்துப் பார்க்காமல் அம்மா தொடமாட்டார் என்று அவருடைய மகள் சொன்னதாகப் படித்தேன். பாவம்தான். எனக்கு மனசு கேட்கவில்லை, அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

செய்தியைக் கேட்டதும் வாண்டு மேசைக்கு ஓடினான். தன் கோப்பைத் திறந்தான். வெள்ளை எழுத்தில் ஓவர்பிரிண்ட் இல்லை. நான் அனுப்பிய பிடிஎஃப்பைத் திறந்தான். இருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன்.

"ஏன்க்கா?" என்றான்.

டம்ளரை அவன் மேசையில் வைத்தேன். அவன் கொஞ்ச நேரம் அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் கோப்பிலும் அந்த எழுத்துகளுக்கு ஓவர்பிரிண்டைத் தட்டிச் சேமித்தான். ஸ்டேஷனிலிருந்து நீங்கள் வந்து கேட்டபோது, "என் கைதான் தவறிருச்சு" என்றான். அந்தக் கோப்பு கடைசியாக எப்போது சேமிக்கப்பட்டது என்று பாருங்கள் சார், நான் சொல்வது புரியும். அந்த அம்மா இறந்த பிறகு.

என் மேல் எவ்வளவு பிரியம் இருந்தால் அப்படிச் செய்வான்.

சிறைக்கு அவனைப் பார்க்கப் போகிறேன். ஒவ்வொரு தடவையும் காவலர் உள்ளே போய்விட்டு வந்து, "வர மாட்டேங்கிறாரும்மா" என்கிறார். நான் கொடுத்தனுப்பும் துணிப்பையும் திரும்பி வந்துவிடுகிறது. வெளியே வந்தாலும் அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று வக்கீலிடம் சொன்னானாம். என் முகத்தைப் பார்க்க வெட்கம், வேறென்ன. சின்ன வயதிலும் அப்படித்தான், தப்பு செய்தால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வான்.

நானே செய்தேன் சார். தெரிந்தேதான் செய்தேன். அவனை விட்டுவிட்டு என்னை உள்ளே வையுங்கள். பார்க்க வருகிறவர்கள் எந்தக் கிழமை வரலாம் என்பதை மட்டும் அவனிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள். பிள்ளை வந்து காத்துக்கொண்டு நிற்கக் கூடாது.