நீட்டிய இடது கால்

என் பெயர் பாஸ்ஸு அயித் யாசா, வயது 41, ரிசானி கடைவீதியின் பின்புறம் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன், குடியிருப்பதும் அதே கடையின் மாடியில்தான். சென்ற ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் நடந்த விபத்து குறித்து அன்று மாலை இதே காவல் நிலையத்தில் நான் எழுதிக்கொடுத்தது பொய். யாரும் வற்புறுத்தாமல் நானாக வந்து இதைச் சொல்கிறேன்.

அன்று வறண்ட ஆற்றுப்படுகையில் ஆறு சுற்றுப் பந்தயம் நடந்தது. புறப்படும் இடத்தில் என் நண்பர் மிமூன், "பாஸ்ஸு, உன் கடையில செயின் மாட்டக் கத்துக்கிட்ட பொண்ணு இன்னிக்கு உன்னையே ஒரு சுத்து முந்தப் போறா, ஓரமா ஒதுங்கிக்கப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் சொன்ன பெண் தூடா, வயது 26, தபால் நிலைய ஊழியர். அவருடைய வண்டியை அன்று காலை தயார்செய்து கொடுத்ததே நான்தான்.

எங்கள் பந்தயத்தில் ஒரு வழக்கம் உண்டு. பின்னால் வேகமாக வருபவர் எஞ்சினை உறுமவிட்டு, எந்தப் பக்கம் முந்தப் போகிறார் என்று கத்துவார். முன்னால் மெதுவாகப் போகிறவர் காதில் விழுந்ததற்கு அடையாளமாக அந்தப் பக்கத்துக் காலை நீட்டிவிட்டு, தடம் மாறாமல் போக வேண்டும். கால் நீளாமல் முந்தி விழுந்தால் பழி முந்தியவர் மேல். காலை நீட்டிய பிறகு தடம் மாறுகிறவனை எங்களில் ஒருவரும் மதிப்பதில்லை. அப்படி ஒருவனை நான் பத்து வருடமாகக் கடை வாசலில்கூட நிற்க விட்டதில்லை.

நான்காவது சுற்றில், வேடிக்கை பார்ப்பவர்கள் கூடும் தேநீர்க் கூடாரத்துக்கு முந்திய வளைவில், பின்னால் எஞ்சின் உறுமியது. அதன் பிறகு, "பாஸ்ஸு அண்ணே, இடது!" என்ற தூடாவின் குரல் தெளிவாகக் கேட்டது. நான் பழக்கத்தில் இடது காலை நீட்டினேன். அதன் பிறகு கூடார வாசலில் மிமூன் நாற்காலி மேல் ஏறி நின்று கையாட்டுவதைப் பார்த்தேன். கூடாரத்தைத் தாண்டும் வரையாவது முன்னால் இருந்துவிட வேண்டும் என்று காலை இழுத்துக்கொண்டு வண்டியை இடப்பக்கம் சாய்த்தேன். பின்னால் இரும்பு கல்லில் மோதும் சத்தம் கேட்டது. அப்போதும் நிறுத்தவில்லை, கூடாரத்தைத் தாண்டிய பிறகே நிறுத்தினேன். அதற்குள் மிமூன் உட்பட எல்லோரும் என்னைக் கடந்து தூடாவிடம் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவருக்குத் தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

புழுதியில் வேறு யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததால், குரல் கேட்கவில்லை, கால் நீட்டவில்லை என்று சொன்னேன். பன்னிரண்டு வருடமாக ஓட்டுகிறவன் என்பதால் பந்தயக் குழு என் பேச்சை அப்படியே நம்பி, தூடாவுக்கு மூன்று வருடம் தடை விதித்தது.

நேற்று பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே தூடா, "மன்னிச்சிருங்க அண்ணே. நீங்க காலை நீட்டுனதப் பாத்தேன்னுதான் நெனச்சேன். புழுதியில என் கண்ணு தப்பாப் பாத்திருச்சு போல. நீட்டிட்டு மறிக்கிற ஆளா நீங்க?" என்றார். அதற்கு நான், "பரவாயில்லம்மா, விடு" என்றேன். அவர் காலை முறித்தவன் அவரையே மன்னித்துவிட்டு வந்திருக்கிறேன். வெட்கத்தில் இன்று கடை திறக்கவில்லை.

தூடா பார்த்தது சரி. என் இடது கால் நீண்டது. இதன் நகல் ஒன்றைப் பந்தயக் குழுவுக்கு அனுப்பி, அதே தேநீர்க் கூடாரத்தில், மிமூனும் நானும் இருக்கும்போது, சத்தமாகப் படிக்கச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அதிகாரி படித்துக் காட்டக் கேட்டேன். எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, நடந்ததும் இதுவே.

(ஒப்பம்) பாஸ்ஸு அயித் யாசா