பெயின்ட் அடிக்க நல்ல மாதம்

பெங்களூரில் பெயின்ட் அடிக்க நல்ல மாதம் பிப்ரவரி. மழை கிடையாது, காற்றில் ஈரம் கிடையாது. காலையில் அடித்தால் மத்தியானம் கைவைத்துப் பார்க்கலாம். ஜூனில் அடித்துப் பாருங்கள், மூன்று நாளானாலும் பிசுபிசுக்கும். வீட்டுக் கேட்டுக்கும் அப்படித்தான், விமானத்துக்கும் அப்படித்தான். நீங்கள் வீடு கட்டினால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மேடம்.

என் பெயர் ஜோசஃபின். வயது அறுபத்தொன்று. பொம்மசந்திராவில் ஒரு பம்ப் கம்பெனியில் இருபத்தொன்பது வருஷம் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். நான் மார்க்கரால் பச்சைப் புள்ளி வைக்காத பெட்டி லாரியில் ஏறாது. என் வீட்டுக்காரர் கில்பர்ட். போன மாதம் பதினான்காம் தேதி விமானத்தோடு விழுந்து செத்துப்போனவர் அவர்தான். உங்களுக்குத் தெரியும். எழுதிக்கொள்கிறீர்களே என்று முறையாகச் சொல்கிறேன்.

அவர் பீன்யாவில் ஒரு ஃபேக்டரியில், கருவிகள் செய்யும் டூல் ரூமில் இருந்தவர். சின்ன வயதிலேயே விமானம் ஓட்ட லைசன்ஸ் வாங்கியவர். ரிட்டையர் ஆவதற்கு முன்பே ஒரு விமானத்தைப் பெட்டி பெட்டியாக வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார். துண்டுகளையும் ஒரு தடிப் புத்தகத்தையும் அனுப்பிவிடுவார்கள், நாம் ரிவெட் அடித்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் உட்காரலாம். ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் கார் ஷெட்டில் அது பதினோரு வருஷம் இருந்தது. கார் தெருவில் நின்று வெளுத்துப்போனது.

அவர் ரிவெட் அடிப்பார், நான் சரிபார்ப்பேன். என் பச்சைப் புள்ளி விழுந்த பிறகுதான் அடுத்த துண்டைத் தொடுவார். சண்டை போட்ட நாளிலும் புள்ளி நியாயமாகத்தான் விழும். நான் பார்த்ததை அவர் மறுபடி பார்த்ததே இல்லை. கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் என்னைப் பற்றி அவர் வெளியே பெருமையாகச் சொன்னது அது ஒன்றுதான்.

எங்களுக்குள் ஒரே ஒரு தகராறு, எப்போது பெயின்ட் அடிப்பது என்று. நான் முதலில் அடித்துவிடலாம் என்பேன். பெயின்ட் அடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

"பறந்த அப்புறம்தான், ஜோ. வெறும் அலுமினியமா இருந்தாத்தான் விரிசல் கண்ணுக்குத் தெரியும், ஆயில் ஒழுகினா தெரியும். நாப்பது மணி நேரம் பறக்கட்டும், உனக்குப் பிடிச்ச கலர் அடிப்போம்."

அவர் சொன்னது சரிதான். நானும் தரம் பார்த்தவள், எனக்குப் புரியாதா. ஆனால் அந்த 'பறந்த அப்புறம்' பெயின்ட்டோடு நிற்கவில்லை. அடுப்படிக் கூரை ஒழுகல், பறந்த அப்புறம். என் கண் ஆபரேஷன், பறந்த அப்புறம். வேளாங்கண்ணிக்கு ஒரு நேர்த்தி இருந்தது, அதுவும் பறந்த அப்புறம். என் அக்கா சொர்ணம் கே.ஜி.எஃப்.பில் படுத்த படுக்கையாக இருந்தபோது, "இந்த றெக்கை முடியட்டும், ரெண்டு பேருமா போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றார். றெக்கை முடிவதற்குப் பத்து நாள் முன்பு அக்கா போய்விட்டாள். நான் தனியாகப் போய் மண் போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் றெக்கைக்குப் புள்ளி வைத்தேன்.

இந்த ஜனவரியில், புது வருஷப் பூசை முடிந்து வந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒரு புத்தகத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். நாலு பேர் உட்காரும் விமானத்தின் படம்.

"இதைப் பறக்கவிட்டுட்டு வித்துடலாம், ஜோ. அடுத்தது இது. ஆறே வருஷம்தான். நமக்குத்தான் இப்ப பழகிடுச்சே."

கோபம் வந்ததா என்று கேட்டீர்கள். வரவில்லை. வந்திருந்தால் கத்தியிருப்பேன், அவரும் கத்தியிருப்பார், அதோடு போயிருக்கும். நான் இன்னும் இரண்டு இட்லி வேண்டுமா என்று கேட்டேன்.

பிறகு அவரே சொன்னார், "பெயின்ட் நீ கேட்ட மாதிரி இப்பவே அடிச்சிடலாம். விக்கிறதுன்னா பாக்க நல்லா இருக்கணும்ல. வாலை நீயே அடி." பதினோரு வருஷம் கேட்டது கிடைத்தது. அன்று மத்தியானமே வேளாங்கண்ணிக்கு ரயில் டிக்கெட் எடுத்தேன், மார்ச் இருபத்திரண்டுக்கு. இரண்டு டிக்கெட். அதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

வாலில் மேலும் கீழும் அசையும் ஒரு பலகை உண்டு. அதை வைத்துத்தான் மூக்கைத் தூக்குவதும் இறக்குவதும். கீலில் தொங்கவிட்டால் அது தராசு மாதிரி நேராக நிற்க வேண்டும். பெயின்ட்டுக்கு எடை உண்டு. அடித்த பிறகு பின்பக்கம் தாழ்ந்தால், முன்பக்கம் ஈயம் வைத்துச் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் மெதுவாகப் பறக்கும்போது ஒன்றும் ஆகாது. வேகம் கூடினால் பலகை உதற ஆரம்பிக்கும், சில நொடிகளில் பிய்ந்துவிடும். புத்தகத்தில் இது சிவப்புக் கட்டத்துக்குள் இருக்கிறது.

நான் பின் ஓரத்தில் இருந்த ஒரு நசுங்கலுக்குப் பட்டி போட்டுத் தேய்த்தேன். வெள்ளையில் நாலு கோட் அடித்தேன். மிக நன்றாக வந்தது. காய்ந்த பிறகு தொங்கவிட்டுப் பார்த்தேன். பின்பக்கம் இரண்டு விரற்கடை தாழ்ந்தது. ஈயம் இரண்டாவது டிராயரில் இருந்தது. நான் மார்க்கரை எடுத்துப் பச்சைப் புள்ளி வைத்தேன்.

விமானம் கெட்டுப்போக வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆள் கெட வேண்டும் என்று நினைக்கவில்லை. வால் உதறும், பயந்துபோய் இறக்கிவிடுவார், அதோடு இந்த ஆசை விட்டுப்போகும் என்று கணக்குப் போட்டேன். அவருக்கு நல்ல கை.

ஓசூர் தாண்டி ஒரு தனியார் ஓடுதளம். அவருடைய சினேகிதர் நோயல், சர்ச்சில் அவரோடு கொயரில் பாடுகிறவர், வயர்லெஸ்ஸோடு கீழே நிற்பார். மார்ச் முதல் வாரம் இரண்டு தடவை பறந்தார், இரண்டும் மெதுவாக. இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. ஃப்ளாஸ்க்கில் காபி ஆறிவிடுமே என்று இருந்தது.

பதினான்காம் தேதி வேகமாகப் பறந்து பார்க்கும் நாள். நோயல் வாலைச் சுற்றி வந்தார்.

"என்ன மேன், பெயின்ட் அடிச்ச அப்புறம் இதைத் தொங்கவிட்டுப் பாத்தியா? எனக்கென்னமோ ஒரு தடவை கழட்டிப் பாத்துடலாம்னு தோணுது."

"ஜோ பாத்தாச்சு."

"நீ பாத்தியா?"

"டேய், ஜோ பாத்தா முடிஞ்சுது. இருபத்தொம்பது வருஷ சர்வீஸ்டா." சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "என்ன ஜோ, ஓகேதானே?"

"புள்ளி இருக்குல்ல," என்றேன்.

அது பொய்யில்லை, மேடம். புள்ளி இருந்தது.

குனிந்து அந்தப் புள்ளியை விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். பிறகு ஏறிக்கொண்டார். நான் காரில் போய் உட்கார்ந்தேன், வெயில் தாங்கவில்லை. பதினோராவது நிமிடத்தில் நோயலின் வயர்லெஸ்ஸில் அவர் குரல் கேட்டது. என் பெயரைச் சொல்லவில்லை. "வால் உதறுது, வால் உதறுது" என்று இரண்டு தடவை சொன்னார். ராகி வயலில் விழுந்தது. வால் மட்டும் தனியாக அரை மைல் தள்ளிக் கிடந்தது. அதில் பெயின்ட் ஒரு இடத்தில்கூட உரியவில்லை என்று உங்கள் ஆட்களே எழுதியிருக்கிறார்கள்.

செய்தது நான்தான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் திரும்பி வருவார் என்றுதான் நம்பினேன். இல்லாவிட்டால் இரண்டு டிக்கெட் எடுத்திருப்பேனா.

நேற்று நீங்கள் என் போனிலிருந்து எடுத்துக் காட்டிய நேரம் சரிதான். அவர் மேலே கிளம்பியது எட்டு ஐம்பதுக்கு. அவருடைய டிக்கெட்டை நான் ரத்து செய்தது எட்டு நாற்பத்திரண்டுக்கு, காரில் உட்கார்ந்துகொண்டு. இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்தில் சீட் கிடைக்கவில்லை, அவருக்கு வசதிப்படாது என்றுதான் செய்தேன். எனக்குக் கிடைத்தது ஜன்னல் சீட். அதை அப்படியே வைத்துக்கொண்டேன்.