நிழல் விழாத இடம்

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவன் மனைவி. நாளைக் காலை அவளுக்கு ஆபரேஷன் என்பது ஏறியதிலிருந்தே காதில் விழுந்துகொண்டிருந்தது. வழியில் புதுக்கோட்டை என்ற சிற்றூர் தாண்டியதும் அவர் சொன்னார்:

“ஏளா, உள்ள நிழலே விழாதாம்.”

“என்ன நிழலு?”

“ஹார்பர்ல கிரேன் மேல இருந்து பாக்கும்போது, கன்டெய்னரோட நிழல வச்சுத்தான் இன்னும் எவ்வளவு எறக்கணும்னு எனக்குத் தெரியும். ஒன் வயித்துக்குள்ள கேமராவும் லைட்டும் ஒரே குழாய்ல போவுது. நிழலு எங்கன தெரியும்? டிவியப் பாத்துக்கிட்டே பித்தப்பைய அறுக்கப் போறாவ.”

“த்ரீடி கண்ணாடியப் போட்டுக்கிட்டா டிவியிலயே ஆழம் தெரியும்னு டாக்டர் சொன்னாவல்லா?”

“அந்த மிசின் எப்ப வந்துச்சுன்னு கேட்டேன். போன மாசந்தானாம்.”

அவள் வலது விலாவை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அப்படியே கேட்டாள்.

“நீங்க பெட்டிய எறக்கும்போது கீழ ஆள் நிக்கான்லா? உங்கள நம்பித்தான நிக்கான்?”

“அவன விலகச் சொல்லிட்டுத்தான் ஏளா எறக்குவேன். ஒன்ன எங்கன விலகச் சொல்ல?”