கலங்காத குப்பி

— இன்னும் எவ்வளவு நேரம் அந்தக் குப்பியையே முறைச்சுட்டு இருக்கப் போற? நீ முறைச்ச உடனே கலங்க அது என்ன உன் புருஷனா?

— என் புருஷன் நீ எதுக்குக் கலங்கின? எனக்குத் தாலி கட்டும்போதே... சரி விடு, மெஷின் ரூம்ல உனக்கு வேலை இல்லையா?

— வேலை இருக்குன்னுதான் இங்க வந்து நிக்கறேன். இப்போ எத்தனை டிகிரி?

— அஞ்சு. நாற்பதுக்குக் கீழ இறங்கினதுமே பால் மாதிரி ஆகியிருக்கணும். ஐஸ்ல வச்சும் தெளிவா நிக்குது.

— தெளிவா இருக்கறது நல்லதுதானே? வீட்டுல ஒருத்தராவது...

— ஜோக்கா? நாலு மணிக்கு என்னை வேலைக்குக் கூப்பிட்ட வெளியூர் லேப்காரங்க வீடியோவில வர்றாங்க. அவங்க கண்ணு முன்னாடி இது கலங்கணும். கலங்கினா அங்க போய் ரெண்டு வருஷ வேலை எனக்கு. இல்லைன்னா கும்பிடு போட்டுட்டு வேற ஆளைத் தேடிப்பாங்க.

— ரெண்டு வருஷம், ரெண்டு வருஷம்! அதைச் சொல்லாம உனக்கு ஒரு பேச்சு முடியாதா?

— உனக்கென்ன? "அவ போகட்டும், நிம்மதியா மேட்ச் பார்ப்பேன்"னு ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்கியாமே.

— சொன்னேன். இப்பவும் சொல்றேன். சோபா முழுக்க எனக்கே.

— ரொம்ப சந்தோஷம்.

— ஒருவேளை உன் கணக்கே தப்போ?

— என் கணக்கா! கேட்டுக்கோ மேதை. குப்பியில கரைச்சிருக்கறது பாலிமர், நீளமான மூலக்கூறுச் சங்கிலி. அதுல ஒவ்வொரு கண்ணியிலயும் ஒரு பிளஸ், ஒரு மைனஸ்.

— ஒரே வீட்டுல ரெண்டும். பாவம்.

— குளிர்ல ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கும், தண்ணி கலங்கும். சூடு ஏறினா பிடியை விட்டுடும், தெளிஞ்சுடும். ரெண்டுக்கும் நடுவுல மூணு கார்பன் வச்சா பதினஞ்சு டிகிரியில கலங்கும். நான் ஒரே ஒரு கார்பன் கூட்டினேன். நாற்பதுக்கு ஏறிடுச்சு.

— அப்போ... கொஞ்சம் தள்ளி வச்சா பிடி இன்னும் இறுகுதுங்கற.

— நான் சங்கிலியைச் சொன்னேன்.

— நானும் சங்கிலியைத்தான் சொன்னேன்.

— முந்தாநாள்கூட அழகா கலங்குச்சு. சூட்டை ஏத்தி இறக்கற உன் வாட்டர் பாத் தொட்டிதான் சரியில்லை.

— அதை நான் போன வாரம்தான் சரி பார்த்தேன்.

— அப்போ தெர்மாமீட்டர்.

— புதுசு.

— குப்பி சரியா கழுவலையோ... வெளிச்சம் பத்தலையோ...

— வெளிச்சமா! இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டா ஜாதகம் சரியில்லைம்ப.

— நக்கலா? மூணு வருஷ உழைப்பு இது. உனக்கு எங்க புரியப் போகுது.

— ஒரு சிட்டிகை.

— என்ன சிட்டிகை?

— உப்பு. நேத்து சாயங்காலம். டீ ரூம் உப்பு.

— ...நீயா?

— உப்பு நடுவுல புகுந்தா பிளஸ்ஸும் மைனஸும் அதோட போய் ஒட்டிக்கும், ஒண்ணை ஒண்ணு தேடாதுன்னு நீதானே சோறு போடும்போதெல்லாம் சொல்லுவ?

— அடப்பாவி! அதுவும் டீ ரூம் உப்பா? சுத்தமான உப்பு அலமாரி நிறைய இருக்கேடா!

— அவசரத்துல தரம் பார்க்கலை மேடம்.

— ஏன்டா போட்ட?

— தனியா மேட்ச் பார்த்தா யார்கிட்ட சண்டை போடறது? ...போகாதேன்னு சொல்ல வாய் வரலை. போதுமா? திட்டணும்னா திட்டிடு. இங்க பாரு, முழுசா கெடுக்க மனசு வரலை. பாதியை முன்னாடியே தனியா ஊத்தி வச்சுட்டேன். ஃப்ரிட்ஜுல, என் கிரீஸ் டப்பாவுக்குப் பின்னாடி. வெள்ளை வெளேர்னு கலங்கி நிக்குது. எடுத்துட்டுப் போய்க் காட்டு. போயிட்டு வா. எடுத்துக்கோன்னா ஏன் நகரவே மாட்டேங்கற? மணி மூணே கால்.

— போறேன், போறேன்.

— இரு. ஒண்ணு இடிக்குதே.

— ஒண்ணும் இடிக்கலை. நீ போய் மெஷினைப் பாரு.

— நான் உப்பு போட்டுட்டு நேத்தே சூட்டை இறக்கிப் பார்த்தேன். இருபதுல கலங்குச்சு. நாற்பது இருபதாச்சு, அவ்வளவுதான். இன்னைக்கு அஞ்சுலயும் அசையலை. உள்ள நான் போட்டதைவிட நிறைய உப்பு இருக்கு.

— உன் சிட்டிகை பெரிசா இருக்கும்.

— வாட்டர் பாத், தெர்மாமீட்டர், வெளிச்சம்... எல்லாம் சொன்ன. மூணு வருஷமா உப்பு உப்புன்னு என் உயிரை எடுத்தவ, இன்னைக்கு உப்புன்னு ஒரு வார்த்தை சொல்லலை. காலையில லேப்பை முதல்ல திறந்தது யாரு?

— நேரமாகுது, வழியை விடு.

— யாருன்னு கேட்டேன்.

— ...அவங்ககிட்ட வேண்டாம்னு சொல்ல எனக்கும்தான் வாய் வரலை. ஆனா நான் சுத்தமான உப்புதான் போட்டேன், எடை பார்த்து. அந்தக் கிரீஸ் டப்பாவை அசைக்காதே... அங்கேயே இருக்கட்டும்.