சிவப்பு தெரிந்தால் வழிவிடு

ஈவாஞ்சலின்: ...சரி, அடுத்தது. ராத்திரி நேரம். வலப்பக்கம் இருந்து இன்னொரு கப்பல் குறுக்க வருது. அதோட சிவப்பு விளக்கு மட்டும் தெரியுது. நீ என்ன செய்யணும்?

சிவப்பிரகாஷ்: நான்தான் வழிவிடணும். இதெல்லாம் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். அடுத்தது கேளு.

ஈவாஞ்சலின்: பெரிய கேப்டன்! கம்ப்யூட்டர எட்டிப் பாத்துக்கிட்டே பதில் சொல்லுத...

சிவப்பிரகாஷ்: நீ இந்தப் பக்கம் எட்டிப் பாக்காத. தடுப்புப் பலகைக்கு அங்கனயே இருந்து புஸ்தகத்தப் பாத்துக் கேளு. ஃபாரத்த நான் பாத்துக்கிடுதேன்.

ஆறுமுகநயினார்: பிள்ளைகளா, மணி நாலரை. அஞ்சு மணிக்கு வெப்சைட்ட மூடிருவான். கப்பல் படிப்பு நுழைவுத்தேர்வுக்கு ரெண்டு வருசம் இலவசக் கோச்சிங்னா சும்மாவா? ஊரே இப்பத்தான் அனுப்பும். பெறவு சர்வர் சுத்துதுன்னு என் பிரவுசிங் சென்டரக் குத்தம் சொல்லப்படாது.

சிவப்பிரகாஷ்: இன்னும் ரெண்டு கட்டந்தான் அண்ணாச்சி. ...ஏளா, உன் பொறந்தநாள் ஏப்ரல் பதினாலா, பதினஞ்சா?

ஈவாஞ்சலின்: பதினஞ்சு. ஏன், அதுவும் பரீட்சையில வருமா?

சிவப்பிரகாஷ்: கேக்கு வாங்கணும்லா.

ஈவாஞ்சலின்: ஏப்ரலுக்கு இன்னும் ஏழு மாசம் கெடக்கு! ...சிவா, எந்தக் கட்டம் பாக்கி?

சிவப்பிரகாஷ்: எந்தப் படிப்புக்குக் கோச்சிங்குங்கிற கட்டம்.

ஈவாஞ்சலின்: யோசிச்சுப் போடுலே.

சிவப்பிரகாஷ்: யோசிக்க என்ன இருக்கு? கேப்டன் படிப்பு. பத்தாங்கிளாஸ்ல இருந்து சொல்லிக்கிட்டு இருக்கேன். நம்ம ஸ்கூலுக்கு அதுல ஒரே ஒரு இடம். பிளஸ் ஒன்ல அதுக்கு மார்க் உள்ளது நீயும் நானும். நீதான் நர்சிங்னு ஒதுங்கிட்டியே.

ஈவாஞ்சலின்: ஆமா... நர்சிங்தான். ...ஒரு கதை சொல்லவா?

சிவப்பிரகாஷ்: இப்பவா?

ஈவாஞ்சலின்: சின்னக் கதைதான். ஒரு நண்டு, கப்பல்ல சுக்கான் பிடிக்க ஆசப்பட்டுச்சாம். காத்து தெரியும், நீரோட்டம் தெரியும், புஸ்தகம் பூரா மனப்பாடம்...

சிவப்பிரகாஷ்: நல்ல நண்டு. எங்க ஏரியா மில்லர்புரமா?

ஈவாஞ்சலின்: குறுக்க பேசாதலே. நேரா நடக்க மட்டும் அதுக்கு வராது. பக்கவாட்டுல போறதத்தான் நேர்னு நெனச்சிக்கிட்டு இருந்துச்சு. கூடவே திரிஞ்ச சாளை மீனுக்கு அது தெரியும். சொன்னா சிநேகிதம் போயிருமேன்னு சொல்லல.

ஆறுமுகநயினார்: பெறவு என்னாச்சு தாயி?

ஈவாஞ்சலின்: கப்பல் பாறையில ஏறிட்டு அண்ணாச்சி. நண்டு பாட்டுக்குப் பாறையில நடந்து போயிட்டு. நம்பி ஏறுன சனந்தான்...

சிவப்பிரகாஷ்: ...என்ன சொல்ல வார?

ஈவாஞ்சலின்: ஒண்ணுமில்ல. அந்தச் சிவப்புப் பேனாவ எடு.

சிவப்பிரகாஷ்: இந்தா.

ஈவாஞ்சலின்: மூடி கடிச்சிருக்கிறதப் பாத்துத்தான எடுத்த? சிவப்ப மட்டும் ஏன் கடிச்சு வைக்க?

சிவப்பிரகாஷ்: அது... பழக்கம்.

ஈவாஞ்சலின்: உங்க காய்கறிக் கடையில பழுத்த மிளகாயப் பொறுக்கச் சொன்னா எல்லாரும் கண்ணால பொறுக்குதாங்க. நீ மட்டும் ஒவ்வொண்ணா அமுக்கிப் பாக்க. ரெண்டு வருசமா கவனிக்கேன்.

சிவப்பிரகாஷ்: ரெண்டு வருசமா தெரிஞ்சுமா வாயத் தெறக்கல?

ஈவாஞ்சலின்: எப்படித் தெறக்க?

சிவப்பிரகாஷ்: இன்னைக்கு மட்டும் எப்படித் தெறந்த? நான் விலகுனா அந்த ஒரு இடம் உனக்கு. அதான?

ஈவாஞ்சலின்: போலே! இப்படிக் கேப்பன்னுதான் இத்தன நாளும் சொல்லல!

சிவப்பிரகாஷ்: அப்போ சாளைக்கும் சுக்கான் மேல ஆசை இருக்கு.

ஈவாஞ்சலின்: நேரமாச்சு, ஃபாரத்தப் பாரு.

சிவப்பிரகாஷ்: வாயால சொல்லுளா.

ஈவாஞ்சலின்: இருக்கு! எங்க அப்பா வள்ளத்த எட்டு வயசுலயே புன்னைக்காயல்ல ஆத்து வாய்க்குள்ள திருப்பிக் கொண்டு வந்தவ நான். உன்ன விட நல்லாவே ஓட்டுவேன். நர்சிங்கும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. ஊசியப் பாத்தாலே எனக்குத் தல சுத்தும். நீ ஆசப்பட்டியேன்னு ஒதுங்குனேன். போதுமா?

ஆறுமுகநயினார்: நாலு அம்பது!

சிவப்பிரகாஷ்: போதும். போன வாரம் கண் முகாமுல புள்ளி புள்ளியா ஒரு புஸ்தகம் காட்டுனாங்க. மத்தவன்லாம் நம்பர் வாசிச்சான். எனக்குக் கஞ்சியில கெடக்கிற பருக்கதான் தெரிஞ்சுது. சிவப்பும் பச்சையும் எனக்குப் பிரிஞ்சு தெரியாதாம்.

ஈவாஞ்சலின்: சிவா... ஏன்லே எங்கிட்ட சொல்லல?

சிவப்பிரகாஷ்: சொல்லியிருந்தா நீ பாவம் பாத்து இன்னும் ரெண்டு அடி ஒதுங்கியிருப்ப. மூஞ்சியத் தொங்கப் போடாத. பலகையச் சுத்தி இங்கன வா. மொதக் கட்டத்த வாசி.

ஈவாஞ்சலின்: பேரு... ஈவாஞ்சலின்... ஏலே! இது என் ஃபாரம்லா! போட்டோ கூட ஏத்தியிருக்கு!

ஆறுமுகநயினார்: போட்டோ நான்தான் தாயி ஏத்துனேன். போன மாசம் நீ பஸ் பாஸுக்குக் குடுத்தது கெடந்துச்சு. மூச்சு விடக் கூடாதுன்னுட்டான் பய.

ஈவாஞ்சலின்: அப்போ உன்னோடது?

சிவப்பிரகாஷ்: காலையிலேயே போயிட்டு. கப்பல் டிசைன் பண்ணுற படிப்புக்கு. கேப்டன் படிப்பு மாதிரி அங்க கண்ணுக்குக் கலர் டெஸ்ட் கெடையாதாம். நான் கட்டுற கப்பல நீ ஓட்டு. சிவப்பு தெரிஞ்சா வழிவிடணும்னு நீதான கேட்ட? எனக்குச் சிவப்பு தெரியாது... ஆனா வழிய விட்டுட்டேன். சப்மிட்ட நீயே அமுக்கு, கேப்டன்.